பழைய வீடியோ விளையாட்டுக்களும் அவற்றின் மறுபதிப்பும்

கல்லூரியின் விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை எழுதப் புகுந்தால், சங்க நூல்களையோ சைவத் திருமுறைகளையோ எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது இயல்பே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் வீடியோ விளையாட்டு. வகுப்பிலே மாணவனது கைத்தொலைபேசியைப் பறித்து மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டும் ஆசிரியரே அதனுள் இருக்கும் விளையாட்டைப் பற்றி எழுதலாமோ எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஒரு நூல் எவ்வாறு அழிகின்றது, எவ்வாறு பிழைக்கின்றது என்பது பதிப்புத் துறையின் முதல் வினா. அவ்வினாவை ஏட்டுச் சுவடிகளைக் கொண்டே நாம் இதுகாறும் கற்பித்து வருகின்றோம். ஆனால் தோன்றி ஐம்பது ஆண்டுகளைச் சற்றே கடந்த ஒரு கலையிலே அதே அழிவும் பிழைப்பும் இன்று நம் கண்முன்னே நிகழ்கின்றன. அவற்றைக் காணும் மாணவன் சுவடியின் கதையையும் நன்கு விளங்கிக்கொள்வான் என்பது எமது துணிபு.

முதலில் ஓர் எண்ணைக் கூறுவோம். அமெரிக்காவிலே வீடியோ விளையாட்டு வரலாற்றைப் பேணுதற்கென அமைந்த நிறுவகம் ஒன்று, மென்பொருட் பாதுகாப்போர் வலையமைப்பு ஒன்றுடன் சேர்ந்து நடத்திய ஆய்வை 2023 யூலையில் வெளியிட்டது. 2010 ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுக்களுள் 13 சதவீதமானவையே இன்றும் கடையில் விலைக்குக் கிடைக்கின்றன என்பது அதன் முடிவு. எஞ்சிய 87 சதவீதமும் வாங்க முடியாதவை. நின்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் போய்’ என்னும் கையடக்கப் பொறிக்கு வந்தவற்றுள் கிடைப்பன 6 சதவீதத்துக்கும் குறைவு.

அமெரிக்கப் பேசாப் படங்களின் நிலையோடு இதனை ஒப்பிடுவோர் உளர். அப்படங்களுள் ஏறக்குறைய 14 சதவீதமே முழு வடிவில் எஞ்சியுள்ளன என அந்நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2013 இல் அறிவித்தது. எண்கள் ஒத்திருப்பினும் பொருள் ஒன்றன்று என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். படச்சுருள் தீயில் எரிந்தது, ஆவியாய்ச் சிதைந்தது, வெள்ளிக்காக உருக்கப்பட்டது. போனது போனதுதான். விளையாட்டுக்களோ பெரும்பாலும் எங்கேனும் ஒருவரிடம் இருக்கின்றன. இருந்தும் கிடைப்பதில்லை. அஃது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இடம் போதாமை காரணமாகுமா? ஆகாது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடிய பழைய பொறிகளிலே, பிள்ளைகள் ‘கசெற்’ என அழைத்த ஒரு பேழையைச் சொருகுவர். (நம் நாட்டில் ‘ரி.வி. கேம்’ என விற்கப்பட்டவற்றுட் பல, யப்பானில் 1983 இல் வெளிவந்த நின்டெண்டோவின் ‘பமிகொம்’ பொறியைப் பார்த்துச் செய்த கள்ளப் பிரதிகளே. அவற்றில் இரவு பகலாய் விளையாடியவர்கள் எமது பழைய மாணவர்களுள்ளும் இருப்பர்.) அப்பேழையினுள் இருப்பது ஒரு சில்லு. அதிற் பொறித்த எண்களை ஒன்றும் விடாமற் படியெடுத்துவிடலாம். 1985 இல் உலகையே ஆட்கொண்ட ‘சூப்பர் மரியோ பிறதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட் அளவினதே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனிலும் பன்மடங்கு பெரிது.

படியெடுத்ததை இயக்கும் வழியும் உண்டு. பழைய பொறியின் உறுப்புக்கள் ஒவ்வொன்றும் எவ்வாறு தொழிற்பட்டனவோ அவ்வாறே நடிக்கும் நிரலைப் புதிய கணினியில் எழுதிவிடுவர். இதனை எமியுலேட்டர் என்பர்; நடிப்பு நிரல் என்று நாம் சொல்லலாம். பழைய விளையாட்டு, தான் புதிய இடத்தில் இருப்பதை அறியாமலே அதனுள் இயங்கும். இன்று இணையக் கடைகளில் ‘மீள்வெளியீடு’ என விற்கப்படும் பழைய விளையாட்டுக்களுட் பெரும்பாலன இவ்வாறு இயங்குவனவே. எனவே பொருளும் உண்டு, கருவியும் உண்டு. தடையாய் நிற்பது பதிப்புரிமை.

இதற்கு இரண்டு விளையாட்டுக்களின் கதையை அருகருகே வைத்துப் பார்ப்போம். ‘சிஸ்டம் ஷொக் 2’ என்பது 1999 இல் வெளிவந்தது. அதனை ஆக்கியோருள் ஒருவரான லுக்கிங் கிளாஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. விளையாட்டின் உரிமை எவரிடம் சென்றது தெரியுமா? ஒரு காப்புறுதிக் கம்பனியிடம்! கடன்பட்டவரின் தட்டுமுட்டுச் சாமான்களோடு சாமானாக அஃதும் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அதனை எவரும் விற்கவில்லை. 2012 இல் ஸ்டீபன் கிக் என்னும் இளைஞர், தாம் விரும்பிய அவ்விளையாட்டு எங்கும் கிடையாமை கண்டு, உரிமையாளர் யாரென விசாரித்து அக்கம்பனிக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் இசைந்தனர். 2013 பெப்ருவரியில் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. நைட்டைவ் என்னும் மறுபதிப்பு நிறுவனம் இவ்வாறே தோன்றியது.

அதே நிறுவனம் அடுத்துக் கையிட்டது 2000 ஆம் ஆண்டில் வந்த ‘நோ வன் லிவ்ஸ் ஃபொறெவர்’ என்னும் ஒற்றர் கதை. நகைச்சுவை நிரம்பியது, பெண்ணொருத்தியைத் தலைவியாக உடையது, வெளிவந்த காலத்தில் விமரிசகர் பாராட்டியது. அதனை ஆக்கிய மொனொலித் நிறுவனத்தை வார்னர் வாங்கியது. வெளியிட்ட ஃபொக்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுப் பகுதி விவெண்டியிடம் போயிற்று. விவெண்டியின் விளையாட்டுத் தொழில் 2008 இல் அக்ரிவிஷனோடு கலந்தது. ஆக, மூன்று பெருங் கம்பனிகளுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பது எவருக்கும் திட்டமாய்த் தெரியாது. பழைய ஒப்பந்தத் தாள்களைத் தேடிப் பார்க்கும் செலவை ஏற்க அவற்றுள் ஒன்றேனும் முன்வரவில்லை. ஆனால் பிறர் வெளியிட்டால் வழக்கு வரலாம் என்ற அச்சம் மட்டும் நிலைத்து நின்றது. நைட்டைவ் 2015 அளவில் முயற்சியைக் கைவிட்டது. மொனொலித்தையும் வார்னர் 2025 பெப்ருவரியில் மூடிவிட்டது. இரண்டும் தரத்தில் ஏறத்தாழ ஒத்தவை. ஒன்றுக்கு உரிமை ஒரே கையில் இருந்தது. மற்றையதற்கு மூன்று கைகளிற் சிதறிக் கிடந்தது. வேறுபாடு அவ்வளவே. காலம் நல்லதை வைத்துக்கொண்டு தீயதைக் கழிக்கும் என்று நாம் வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். இங்கே கழித்தது காலமன்று.

இனி, உரிமை தெளிவாய் இருக்குமிடத்தும் பதிப்பாளன் அறியவேண்டியவை பல. ‘கிம்மிக்’ என்றொரு விளையாட்டு. யப்பானின் சன்சொப்ட் நிறுவனம் 1992 ஜனவரியில் பமிகொம் பொறிக்கு வெளியிட்டது. பிறந்தநாட் பரிசாய் வந்த சிறு பொம்மை ஒன்று, பொறாமைகொண்ட ஏனைய பொம்மைகளால் வேற்றுலகுக்குக் கடத்தப்பட்ட சிறுமியைத் தேடிச் செல்வதே கதை. பொம்மை எறியும் நட்சத்திரம் சுவரில் மோதித் தெறிக்கும், சரிவில் உருளும், விளையாடுவோன் அதன்மேல் ஏறிச் செல்லவுங் கூடும். சிறு பொறியிலே இவ்வளவு நுட்பமா என்று இன்று வியக்கின்றனர். அன்று வியந்தோர் சிலரே. ஏனெனில் அடுத்த தலைமுறைப் பொறி 1990 இலேயே வந்துவிட்டது. பழைய பொறிக்கு வரும் புதிய பேழையை வாங்குவோர் அருகினர். அமெரிக்காவில் அது வெளிவரவே இல்லை. யப்பானுக்கு வெளியே 1993 இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் மட்டும் விற்கப்பட்டது.

அந்த ஸ்கண்டிநேவியப் பதிப்பிலேதான் ஆய்வாளன் நின்று நோக்கவேண்டிய இடம் உண்டு. யப்பானியப் பேழையினுள்ளே நிரற் சில்லோடு, ஒலிக்கென ஒரு தனிச் சில்லும் வைத்திருந்தனர். பமிகொம் பொறிக்கு இயல்பாய் உள்ள ஓசைத் தடங்களோடு இச்சில்லு மேலும் மூன்று தடங்களைக் கூட்டிற்று. மசஷி ககெயாமா அமைத்த இசை இந்த வசதியை நம்பியே எழுந்தது. ஆனால் வெளிநாடுகளுக்கென நின்டெண்டோ செய்த பொறியிலே பேழையின் ஓசையைப் பொறிக்குட் கொண்டுசெல்லும் வழி மாற்றப்பட்டிருந்தது. ஆகவே ஸ்கண்டிநேவியப் பதிப்பில் அத்தடங்களைக் களைந்து, இசையைக் குறுக்கியே வெளியிட்டனர். பார்வைக்கு இரண்டும் ஒன்று. காதுக்கு ஒன்றல்ல. மூலபாடத்துக்கும் குறைபாடுடைய பிரதிக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாய்க் காட்டும் உதாரணம் எமக்குக் கிடைத்ததில்லை. 2002 இல் யப்பானில் மட்டும் ஒரு மறுபதிப்பு வந்தது. 2023 யூலையில் சிற்றி கனெக்‌ஷன் என்னும் நிறுவனம் பல பொறிகளுக்கும் உரியதாய் அதனை மீண்டும் வெளியிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்துப் பிற நாட்டார் அதனை முறைப்படி விலைகொடுத்து வாங்க முடிந்தது. நடிப்பு நிரலை எழுதுவோன் பொறியை மட்டும் அறிந்தாற் போதாது, பேழையினுள் இருந்த சில்லையும் அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பதிப்பாளன் கவனக்குறைவாய் இருந்தால் விளைவு என்ன என்பதற்கு ‘சைலன்ட் ஹில்’ தொடரின் 2012 ஆம் ஆண்டு மறுபதிப்பு சான்று. கொனாமி நிறுவனத்திடம் இரண்டாம், மூன்றாம் பாகங்களின் முடிவான மூல நிரல் இல்லை. வெளியீட்டுக்கு முந்திய முற்றுப்பெறாத நிரலே மறுபதிப்பைச் செய்தோர் கையில் கொடுக்கப்பட்டது. முன்னர் ஒருமுறை திருத்திய பிழைகளை அவர்கள் மீண்டும் திருத்தவேண்டியதாயிற்று. திருத்தாமல் விட்டவையும் பல. அச்சான நூலைக் கைவிட்டு அச்சுக்கு முந்திய தாளைப் பதிப்பித்தது போன்ற செயல் அது. புகழ்பெற்ற நூலுக்கே இக்கதியெனின், பெயரறியாத சிறு விளையாட்டுக்களின் மூல நிரல் எத்தனை தொழிற்கூடங்களிற் குப்பையோடு போயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்க.

மாறாக, நெறிதவறாது செய்வோரும் உளர். யப்பானின் ஹம்ஸ்டர் நிறுவனம் ‘ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ்’ என்னும் வரிசையை 2014 இல் தொடங்கியது. கடைகளில் நாணயம் இட்டு விளையாடும் பெரிய பொறிகளுக்கென வந்த விளையாட்டுக்களை வாரம் ஒன்றாக வெளியிடுதல் அதன் வழக்கம். படத்தை மெருகூட்டுவதில்லை, கதையை மாற்றுவதில்லை. பெயர்போன விளையாட்டு ஒரு வாரம் வந்தால், எவரும் கேள்விப்படாதது மறுவாரம் வரும். நடிப்பு நிரல் ஒருமுறை செம்மையாய் அமைந்துவிட்டால் அடுத்த விளையாட்டுக்கு ஆகும் செலவு குறைவு. ஆகவே சிலரே வாங்கினும் நட்டமில்லை. அழகிய பெரும் பதிப்பு ஒன்றினும், மலிவான திருத்தமான பதிப்பு நூறு வெளிவருதல் நன்று என்பது எம் கருத்து. மாணவர்க்கான பழைய மலிவுப் பதிப்புக்களாற் படித்து மேலே வந்த எம் போன்றோர் வேறெவ்வாறு கூறுவோம்?

தமிழாசிரியர் என்ற முறையில் எம்மைப் பெரிதும் கவர்ந்தது ‘மதர்’ என்னும் விளையாட்டின் வரலாறே. இதன் ஆசிரியர் ஷிகெசற்றோ இற்றோய் என்பார். அவர் கணினி வல்லுநர் அல்லர். யப்பானில் விளம்பர வாசகங்களாலும் கட்டுரைகளாலும் பெயர்பெற்ற எழுத்தாளர். 1989 யூலையில் வெளிவந்த அவ்விளையாட்டிலே வாளும் மந்திரமும் நிறைந்த கோட்டைகள் இல்லை. தற்கால அமெரிக்கச் சிற்றூர் ஒன்றும், அங்கு வாழும் சிறுவனும், வீட்டுக்குத் தொலைபேசி மூலமே பேசும் தந்தையுமே உண்டு. எழுத்தாளன் கை பட்டமையால் அதன் உரையாடல்களுக்கென்றே அதனை விரும்புவோர் பலர்.

அமெரிக்காவில் வெளியிடுதற்காக 1990 இல் அதனை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்து முடித்தனர். மொழிபெயர்த்தபோது சில மாற்றங்களும் செய்தனர். கல்லறைகளிலிருந்த சிலுவைகளை நீக்கினர்; புகைபிடித்தலை அகற்றினர்; முடிவுக் காட்சியை நீட்டினர். எல்லாம் ஆயத்தமான நிலையிலே வெளியீடு கைவிடப்பட்டது. அந்த மொழிபெயர்ப்பைத் தாங்கிய மாதிரிப் பேழை ஒன்று பிற்காலத்தில் ஒருவரது கைக்கு வந்தது. ஆர்வலர் சிலர் பணம் திரட்டிக் கொடுத்து, 1998 இல் அதனைப் படியெடுத்து இணையத்திற் பரப்பினர். சட்டத்தின்படி அது குற்றமே. அதனை மறைத்தல் தகாது. ஆயின் அவர்கள் அதைச் செய்யாதிருப்பின், ஆங்கிலத்தில் அவ்விளையாட்டு இருந்தது என்பதைக்கூட உலகம் பதினேழு ஆண்டுகள் அறிந்திராது. 2015 யூனிலேதான் நின்டெண்டோ அதே மொழிபெயர்ப்பைத் தன் இணையக் கடையில் விற்பனைக்கு விட்டது. இதனிடையே நேர்ந்த ஒன்று பாடபேத ஆராய்ச்சியில் ஈடுபட்டோர்க்குச் சுவைக்கும். 2003 இல் யப்பானிய மொழியிலேயே ‘மதர்’ மறுபதிப்பானபோது, வெளிவராத ஆங்கிலப் பதிப்பிற்கெனச் செய்த மாற்றங்களையும் நீட்டிய முடிவையும் அதில் ஏற்றிக்கொண்டனர். மூலம் மொழிபெயர்ப்பாயிற்று, மொழிபெயர்ப்பு மீண்டும் மூலத்தைத் திருத்திற்று! 2003 ஆம் ஆண்டுப் பதிப்பை மட்டும் பார்ப்பவன் 1989 இல் யப்பானியச் சிறுவர் கண்ட முடிவைக் காணமாட்டான். ஆகவே பழைய பேழையின் தேவை மறுபதிப்பால் நீங்கிவிடுவதில்லை.

பரணிலே இத்தகைய பேழைகளைப் போட்டு வைத்திருக்கும் பழைய மாணவர்க்கு இவ்விடத்தில் ஒரு சொல். சேமித்த ஆட்டத்தை நினைவில் வைத்திருக்கும் பேழைகள் பலவற்றுள் சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது சில பத்தாண்டுகளில் ஓயும். ஓய்ந்தால் அழிவது சேமித்த ஆட்டமே, விளையாட்டன்று. ஒழுகத் தொடங்கினால் மட்டும் சுற்றுப்பலகையும் கெடக்கூடும். வேலை செய்யவில்லை என்று எறிந்துவிடாது, மின்கலத்தை மாற்றத் தெரிந்தவரிடம் காட்டுக.

இனி மறுபதிப்பின் ஆயுளைப் பற்றிச் சொல்லவேண்டும். அச்சிட்ட நூல் ஆயிரம் பிரதிகள் விற்றால் ஆயிரம் வீடுகளில் இருக்கும். பதிப்பகம் மூடினாலும் நூல் மூடாது. இணையக் கடையில் விற்கும் விளையாட்டோ கடையின் உயிரோடு தன் உயிரைக் கட்டிக்கொண்டது. நின்டெண்டோ 2006 இல் ‘வீ’ என்னும் பொறியோடு பழைய விளையாட்டுக்களுக்கென ஒரு கடையைத் திறந்தது. மேலை நாடுகள் காணாத பல விளையாட்டுக்கள் அதன் வழி முதன்முறையாக மேலை நாடுகளை எட்டின. 2000 ஆம் ஆண்டில் யப்பானில் மட்டும் வந்த ‘சின் அண்ட் பணிஷ்மென்ற்’ அவற்றுள் ஒன்று. அக்கடை 2019 ஜனவரி 30 இல் மூடப்பட்டது. அடுத்து வந்த ‘வீ யூ’, ‘3டிஎஸ்’ என்னும் பொறிகளின் கடையிலே 2023 மார்ச் 27 இன் பின் எதனையும் வாங்க முடியாது. புகழ்பெற்ற விளையாட்டு அடுத்த கடைக்குக் குடிபெயரும். சிறிய விளையாட்டு பழைய கடையோடு உடன்கட்டை ஏறும்.

மேற்கூறிய ‘மதர்’ 2015 இல் விலைக்கு வந்ததும் ‘வீ யூ’ கடையிலேயே. இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்றதை எட்டு ஆண்டுகளுக்குள் விலைக்கு வாங்கும் வழி அடைபட்டது. 2022 பெப்ருவரி தொடக்கம் நின்டெண்டோவின் சந்தாச் சேவையில் அது உண்டு. சந்தா கட்டும்வரை விளையாடலாம், நிறுத்தினால் இல்லை. இது வாசகசாலையில் உறுப்பினராதல் போன்றதென்று சிலர் சொல்வர். வாசகசாலை நூலை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறது. இங்கு ஒரே ஒரு நிறுவனம் பதிப்பாளனாகவும் விற்பனையாளனாகவும் நூலகனாகவும் அமர்ந்திருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். விலைகொடுத்து ‘வாங்கியது’ என நாம் கருதுவதும் பெரும்பாலும் பயன்படுத்தும் அனுமதியே. கலிபோர்னியா மாநிலம் 2024 இல் இயற்றி 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், இவ்வுண்மையை வாங்குவோர்க்கு வெளிப்படையாய்ச் சொல்லவேண்டும் எனக் கடைக்காரர்க்கு விதித்திருக்கிறது. சொல்லவேண்டும் என்பதே விதி; கொடுக்கவேண்டும் என்பதன்று.

போலந்து நாட்டில் 2008 இல் தோன்றிய ‘கொக்’ என்னும் கடை வேறு வழியில் நடக்கிறது. ‘சிஸ்டம் ஷொக் 2’ மீண்டும் வந்தது இக்கடையிலேதான். பூட்டு எதுவுமில்லாத கோப்பாகவே விளையாட்டைக் கொடுத்துவிடுவர். வாங்கியவன் அதனைத் தன் கணினியிற் சேமித்து வைத்தால், நாளை அக்கடை இல்லாவிடினும் அவன் விளையாடலாம். பூட்டில்லாவிட்டால் எல்லோரும் திருடுவர் என்று கூறியோர் இருந்தனர். கடை இன்றும் நடைபெறுகிறது.

நூலகங்களின் நிலை என்னவெனில், அமெரிக்காவில் விளையாட்டுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகங்கள், கடையிற் கிடையாதவற்றைத் தொலைவிலுள்ள ஆய்வாளரும் இணையத்தின் வழி பார்ப்பதற்கு அனுமதி கேட்டன. விளையாட்டுத் தொழிலாளர் சங்கமன்று, விளையாட்டு முதலாளிகளின் சங்கமே அதனை எதிர்த்தது. ஆய்வு என்ற பெயரில் பொழுதுபோக்குக்கு விளையாடிவிடுவர் என்பது அவர்கள் வாதம். 2024 ஒக்ரோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமைச் செயலகம் அக்கோரிக்கையை நிராகரித்தது. ஆய்வாளர் நூலகக் கட்டடத்துக்கே நேரிற் செல்லவேண்டும். நாவலை ஆராய்பவன் அதனை இரசித்துவிடுவானே என்று எவரும் நூலகத்தைப் பூட்டியதில்லை. விளையாட்டு இன்னும் நூலாக மதிக்கப்படவில்லை என்பதே இத்தீர்ப்பின் உட்பொருள் என நாம் கொள்கின்றோம்.

யப்பானிலே நிலைமை சற்று மேலானது. அந்நாட்டுத் தேசிய நூலகமாகிய பாராளுமன்ற நூலகத்துக்கு, வெளியாகும் நூல்களைப் போலவே, வட்டிலும் பேழையிலும் வெளியாகும் விளையாட்டுக்களையும் பதிப்பாளர் அனுப்புதல் வேண்டும். அவ்விதி நடைமுறைக்கு வந்தது 2000 ஆம் ஆண்டு ஒக்ரோபரில். ‘மதர்’ வெளிவந்தது 1989 இல். ‘கிம்மிக்’ 1992 இல்.